குழந்தைக் காப்பகமும் தொத்து வியாதியும்

(ராயக்கோட்டைப் பகுதிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ராயக்கோட்டை என்றதும் வெளியூரார் மனத்தில் எழுவன இரண்டு. ஒன்று குன்றின்மேல் நிற்கும் கோட்டை, மற்றொன்று தக்காளி. கோட்டை 1791-ம் வருஷத்து மைசூர் யுத்தத்தில் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் கதை சரித்திரப் புஸ்தகத்தோடு நின்றது. தக்காளியின் கதை அப்படியன்று. அது நாள்தோறும் விடியுமுன் மண்டிக்கு வந்து, விலை பேசப்பட்டு, பெட்டி பெட்டியாய் வண்டியேறிப் போகிறது. இப்பக்கத்து அனேக குடும்பங்களுக்கு உப்பும் அரிசியும் அதனாலேயே வருகின்றன.

அந்தத் தக்காளியின் பெயருக்கு 2022-ம் வருஷம் மே மாதத்தில் ஓர் அபவாதம் வந்தது. கேரள ராஜ்யத்துக் கொல்லம் ஜில்லாவில் சிறு குழந்தைகளுக்கு ஜுரமும், வாயில் புண்ணும், கை கால்களில் சிவந்த கொப்புளங்களும் உண்டாயின. கொப்புளங்கள் சிவந்து திரண்டிருந்தமையால் ஜனங்கள் அதற்குத் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பெயரிட்டனர். ஜூலை 26-ந் தேதிக்குள் ஐந்து வயதுக்குட்பட்ட 82 குழந்தைகளுக்கு அவ்வியாதி கண்டதாக ஓர் ஆங்கில வைத்தியப் பத்திரிகை எழுதிற்று. தமிழ்நாட்டு எல்லையாகிய வாளையாறில் சுகாதார உத்தியோகஸ்தர்கள் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். குழந்தைக்குத் தக்காளி கொடுக்கலாமா என்ற ஐயம் அந்தப் பெயரைக் கேட்ட தாய்மாருக்கு எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை.

உண்மை யாதெனில், அவ்வியாதிக்கும் தக்காளிக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. அது ‘கை கால் வாய் நோய்’ என்று வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த வியாதியே. காக்சாக்கி வைரஸ் முதலிய நுண்கிருமிகளால் அது உண்டாகிறது. எச்சில், மூக்குச் சளி, கொப்புளத்து நீர், மலம் ஆகிய நான்கின் வழியாக ஒரு குழந்தையினின்று மற்றொரு குழந்தைக்குச் செல்கிறது. பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் தானே தணிந்துவிடும். மத்திய சர்க்கார் 2022 ஆகஸ்டில் அனுப்பிய அறிவுரை, நோய் கண்ட குழந்தையை 5 முதல் 7 நாள் மற்றக் குழந்தைகளோடு சேரவிடாமல் தனித்து வைக்க வேண்டும் என்பதேயாம்.

இந்தச் சிறு சரித்திரத்தில் இரண்டு பாடங்கள் உள. முதலாவது, ஜனங்களின் அச்சம் எளிதில் தவறான பொருளின்மேல் சென்று விழுகிறது. தக்காளியைத் தள்ளி வைத்த கை, கழுவப்படாமலே குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறது. இரண்டாவது, ‘ஏழு நாள் வீட்டில் வைத்திருங்கள்’ என்று எழுதுவது எளிது. ஏழு நாள் கூலியை இழப்பது எளிதன்று. இன்றைய விஷயம் இவ்விரண்டையும் பற்றியதே.

காப்பகத்தில் நோய் பெருகும் காரணம்

தக்காளித் தோட்டத்திலும், பூந்தோட்டத்திலும், ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பெண்கள், கைக்குழந்தையை யாரிடமாவது ஒப்புவித்தே செல்லவேண்டியிருக்கிறது. முற்காலத்தில் பாட்டியோ மூத்த பெண்ணோ பார்த்துக்கொள்வாள். இப்பொழுது மூத்த பெண் பள்ளிக்கூடம் செல்கிறாள், செல்வதே நியாயம். பாட்டியும் பல இடங்களில் கூலிக்குப் போகிறாள். பால்வாடி என்று ஜனங்கள் வழங்கும் அங்கன்வாடி, 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வந்தது. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் பூப்பறிக்கப் போகிறவள் விடியுமுன் புறப்படுகிறாள். அதற்குள் பால்வாடியின் கதவு திறப்பதில்லை. ஆகவே பத்து முப்பது குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துக் காக்கும் காப்பகம் இத்தகைய ஊர்களுக்கு அவசியமாகிறது.

பத்து முப்பது குழந்தைகள் ஓரிடத்தில் சேர்ந்தால் நோயும் சேரும். இதில் காப்பகத்தின்மேல் குற்றமில்லை. குழந்தையின் இயல்பே காரணம். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. ஒன்று சப்பிய பொம்மையை மற்றொன்று பிடுங்கிச் சப்புகிறது. மலம் கழிப்பதை முன்னறிந்து சொல்லத் தெரியாது. நோயை எதிர்க்கும் சக்தியும் அவ்வயதில் முதிர்ந்திராது. வீட்டில் ஒரு குழந்தைக்குப் பேதி கண்டால் அது ஒரு வீட்டின் கஷ்டம். காப்பகத்தில் ஒன்றுக்குக் கண்டால் ஒரு வாரத்தில் பத்து வீட்டின் கஷ்டமாகலாம். ஆதலால் காப்பகத்து நோய் எவருடைய சொந்த விஷயமுமன்று. அது கூட்டு விஷயம். கூட்டு விஷயத்தைக் கவனிக்க ஏற்பட்டதே கூட்டுறவுச் சங்கம்.

கையே வழி, கையே காவல்

1847-ம் வருஷத்தில் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸெம்மல்வைஸ் என்ற வைத்தியர் ஓர் ஏற்பாடு செய்தார். பிரேத பரிசோதனை முடித்து வரும் வைத்தியர்கள் குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவிய பிறகே பிரசவ அறைக்குள் வரவேண்டும் என்பது அது. அவ்வருஷம் ஏப்ரலில் 100 தாய்மாருக்கு 18 பேர் விகிதம் மாண்ட அந்தப் பகுதியில், ஜூலையில் 100க்கு ஏறக்குறைய ஒருவரே மாண்டார். அக்காலத்தில் நுண்கிருமி என்ற பேச்சே தெளிவாக இல்லை. கை கழுவியதே பலன் தந்தது. 2003-ம் வருஷத்தில் பல தேச ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த இரு ஆங்கில அறிஞர்கள், சவுக்காரமிட்டுக் கை கழுவும் வழக்கத்தால் பேதி 100க்கு 42 முதல் 47 பங்கு வரை குறையலாம் என்று கணக்கிட்டனர். இவ்வளவு மலிவாய் இவ்வளவு பலன் தரும் வேறு மருந்து அரிது.

காப்பகத்தில் கை கழுவவேண்டிய சமயங்கள் ஐந்து: குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டவுடன், மலம் கழுவிவிட்ட பின், மூக்குச் சளி துடைத்த பின், சமைக்குமுன், ஊட்டுமுன். பணிப்பெண்ணின் கையோடு குழந்தையின் கையையும் கழுவவேண்டும். வெறுந்தண்ணீரில் நனைப்பது கழுவுவதாகாது. சவுக்காரமிட்டு, விரலிடுக்கும் நகக்கண்ணும் தேயும்படி இருபது எண்ணும் நேரம் தேய்த்தல் வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே முந்தானையில் துடைத்துக்கொண்டால் கழுவியதன் பலன் போய்விடும். ஒவ்வொரு குழந்தைக்கும் அடையாளம் தைத்த ஒரு துண்டு இருத்தல் நலம்.

மலம் கழுவும் இடமும் சமைக்கும் இடமும் ஒன்றையொன்று விட்டு விலகியிருக்கவேண்டும். கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்று எண்ணி வாசலோரத்தில் கொட்டுவது பிழை. பெரியவர் மலத்தில் உள்ள கிருமிகள் அதிலும் உண்டு. அதைக் கக்கூசிலேயே சேர்க்கவேண்டும். பேதியோ வாந்தியோ பட்ட தரையை முதலில் துடைத்தெடுத்து, ஒரு லிட்டர் நீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து தெளித்துப் பத்து நிமிஷம் விட்டுக் கழுவுதல் வேண்டும். பவுடர் டப்பா குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டியிருக்கவேண்டும். பொம்மைகளைத் தினமும் மாலையில் சவுக்கார நீரில் கழுவி வெயிலில் உலர்த்தலாம். கழுவமுடியாத பொம்மை காப்பகத்திற்கு ஆகாது. ஒரு குழந்தை கிடந்த தூளித் துணியில் மற்றொரு குழந்தையைக் கிடத்தலாகாது. பாய்களுக்கிடையே ஒரு கை நீளமேனும் இடம் விட்டு, ஜன்னல்களைத் திறந்து வைக்கவேண்டும்.

குடிநீரைப் பற்றி ஒரு வார்த்தை. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பல கிணறுகளின் நீரில் புளோரைடு என்ற உப்பு மிகுந்து, பல்லையும் எலும்பையும் கெடுத்தது யாவரும் அறிந்ததே. அதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 2013-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் புளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அது செறியும். ஆகவே காப்பகத்திற்குக் குழாய் நீரையே எடுத்து, அதைக் கொதிக்க வைத்து ஆற்றி, மூடிய பானையில் வைத்து, நீண்ட காம்புள்ள கரண்டியால் மொள்ளுவது உத்தமம். கையோடு தம்ளரைப் பானைக்குள் விடுவது எவ்வளவு நல்ல நீரையும் கெடுத்துவிடும்.

தடுப்பூசி என்னும் வேலி

வயலுக்கு வேலி எப்படியோ அப்படியே காப்பகத்துக்குத் தடுப்பூசி. தட்டம்மை, கக்குவான், தொண்டை அடைப்பான், இளம்பிள்ளை வாதம் முதலிய வியாதிகளுக்கு ஊசியும் சொட்டு மருந்தும் சர்க்கார் வைத்தியசாலைகளில் இனாமாகக் கிடைக்கின்றன. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தை ஒவ்வொரு ஊரிலும் இருந்த காலம் ஒன்றுண்டு. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கை வைரஸால் அந்நோய் ஒரு குழந்தைக்கும் காணவில்லை. 2014 மார்ச் மாதத்தில் தேசம் அந்நோயற்றதென்று அத்தாட்சி பெற்றது.

பேதிக்கான தடுப்பு மருந்தின் சரித்திரம் இவ்விஷயத்திற்கு மிகவும் பொருத்தமானது. ஏனெனில் அது ஒரு சிசு விடுதியிலேயே பிறந்தது. ரோட்டா வைரஸ் என்பது குழந்தைகளைக் கொடிய பேதிக்கும் வாந்திக்கும் ஆளாக்கும் கிருமி. 1980-களின் நடுவில், டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞான நிலையத்தில் பிறந்த சிசுக்கள் சிலருக்கு ரோட்டா வைரஸ் தொத்தியிருந்தும் பேதி காணவில்லை என்பதை டாக்டர் மகாராஜ் கிஷன் பான் என்பவரும் அவர் சகாக்களும் கவனித்தனர். பின்னாளில் கடும் ரோட்டா பேதி அச்சிசுக்களை அவ்வளவாக வருத்தவுமில்லை. அந்த வைரஸையே எடுத்துப் பல ஆண்டுகள் உழைத்து வாய்வழிச் சொட்டு மருந்தாக்கினர். டில்லி, பூனா, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் 6,799 சிசுக்களுக்கு அதைப் பரீட்சித்து, 2014-ம் வருஷத்தில் பலனை வெளியிட்டார்கள். கடுமையான ரோட்டா பேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2016-ம் வருஷம் முதல் இம்மருந்து தேசத் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. பிறந்த 6, 10, 14-ம் வாரங்களில் அதைக் கொடுக்கவேண்டும்.

பாதி என்ற சொல்லை அங்கத்தினர்கள் மறத்தலாகாது. மீதிப் பாதியைக் காப்பது சவுக்காரமே. வேலி போட்ட வயலுக்கும் காவல் வேண்டும்.

காப்பகத்தில் குழந்தையைச் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ளும் வழக்கம் வேண்டும். இது எல்லைப் பிரதேசம். ஒரு மாதம் இங்கும் மறு மாதம் கர்நாடகத்திலும் வேலை செய்யும் குடும்பங்கள் உண்டு. வடதேசத்தினின்று வந்த குடும்பங்களும் உண்டு. அவர்கள் எங்கு சென்றாலும் அட்டையைக் கையோடு கொண்டு செல்லவேண்டும் என்பதைத் தமிழிலும், தெலுங்கிலும், கன்னடத்திலும், வேண்டுமாயின் ஹிந்தியிலும் சொல்லவேண்டும். அட்டை இல்லை என்பதற்காக எக்குழந்தையையும் திருப்பி அனுப்பலாகாது. கிராம சுகாதார நர்ஸிடம் அழைத்துச் சென்று விட்டுப்போன ஊசியைப் போடச் செய்வதே முறை.

வாசலில் பார்க்கவேண்டியவை

காலையில் குழந்தையைத் தாயின் இடுப்பிலிருந்து வாங்கும்போதே பணிப்பெண் அதைப் பார்த்துவிடவேண்டும். முகம் வாடியிருக்கிறதா, உடம்பு சுடுகிறதா, இரவில் எத்தனை முறை வெளிக்குப் போயிற்று, தோலில் கொப்புளமோ தடிப்போ உண்டா என்பவை கேள்விகள். இதற்கு இரண்டு நிமிஷம் போதும்.

மூக்கு ஒழுகினும் விளையாடிக்கொண்டு சாப்பிடும் குழந்தையை அனுப்பவேண்டியதில்லை. சளி பிடித்த குழந்தைகளையெல்லாம் அனுப்பினால் மாரிக்காலத்தில் காப்பகமே காலியாகும். தலையில் பேன் இருப்பதும் அனுப்பக் காரணமன்று. ஆனால் பேதி கண்ட குழந்தை, பேதி நின்று 48 மணி நேரம் வரையில் வீட்டிலிருத்தல் வேண்டும். ஜுரம் கண்ட குழந்தை மருந்தில்லாமலே ஒரு நாள் முழுவதும் ஜுரமின்றி இருந்தபின் வரலாம். தட்டம்மைக்குத் தடிப்புத் தோன்றியது முதல் நான்கு நாளும், பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் கண்டது முதல் ஐந்து நாளும், சின்னம்மைக்குக் கொப்புளங்கள் யாவும் காய்ந்து பொருக்காகும் வரையிலும் விலகியிருக்கவேண்டும். சொறி சிரங்குக்கு முதல் தடவை மருந்து பூசிய மறுநாள் வரலாம்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, அயலார் உள்ளே வராமல் தடுப்பது நம்மவரின் பழைய வழக்கம். நோயாளியைத் தனித்து வைத்தல் என்ற தத்துவம் அதில் அடங்கியிருக்கிறது. அத்தத்துவத்தைப் பேதிக்கும் கொப்புள நோய்க்கும் விரித்துக்கொள்வதே இப்பொழுது வேண்டியது. ஆனால் அம்மை கண்டவருக்கு வைத்தியரை அழைக்கலாகாது என்ற எண்ணம் மாத்திரம் விடத்தக்கது.

நடுப்பகலில் நோய் கண்டால்

காப்பகத்தில் இருக்கும்போதே குழந்தை நோயுற்றால், தாய்க்குச் சொல்லியனுப்பி, அவள் வரும்வரையில் காற்றோட்டமுள்ள ஒரு மூலையில் தனிப் பாயில் வைத்து ஒரு பணிப்பெண் உடனிருக்கவேண்டும். அடைத்த அறையில் தனியே விடுதல் கொடுமை.

பேதிக்கு முதல் மருந்து நீரே. 1971-ம் வருஷத்தில் வங்காள எல்லையில் பன்கான் என்ற ஊரின் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகாலனபிஸ் என்பவர் குளுக்கோஸும், உப்பும், சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 100க்கு 30 வரை இருந்த சாவு, 100க்கு நான்குக்கும் குறைந்தது. வைத்தியசாலையில் நிகழ்ந்த காரியத்தைத் தாயின் கைக்கு மாற்றியதே அவர் செய்த பேருபகாரம்.

இன்று அக்கரைசல் பொட்டலமாகச் சுகாதார நிலையத்திலும் பால்வாடியிலும் கிடைக்கிறது. பொட்டலத்தில் சொல்லிய அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்கவேண்டும். பாதியைப் பாதி நீரில் கண்ணளவாய்க் கரைப்பது தவறு. ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கால் முதல் அரைத் தம்ளரும், மேற்பட்டதற்கு அரை முதல் ஒரு தம்ளரும் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கவேண்டும். கரைத்து ஒரு நாள் ஆனதைக் கொட்டிவிடவேண்டும். பொட்டலம் இல்லாதபோது, ஒரு லிட்டர் நல்ல நீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக்கொள்ளலாம். உப்பு கூடினால் கேடு. கண்ணீரைவிடக் கரிப்பாக இருக்கலாகாது. கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தோடு விற்ற இனிப்புப் பானங்கள் சில, மருந்தின் அளவுப்படி அமைந்தவையல்ல. அப்பெயரை அவற்றின்மேல் இடலாகாதென்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் உத்தரவிட்டனர்.

கரைசலோடு துத்தநாக மாத்திரையையும் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கவேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 10 மில்லிகிராமும், மேற்பட்டதற்கு 20 மில்லிகிராமும் நாளொன்றுக்கு ஒரு வேளை, பேதி நின்றாலும் நிறுத்தாமல் 14 நாள் கொடுப்பது முறை. தாய்ப்பாலையும் வழக்கமான ஆகாரத்தையும் நிறுத்தலாகாது. பேதியாகிற குழந்தையைப் பட்டினி போடுவது, வாடுகிற நாற்றுக்குத் தண்ணீரை நிறுத்துவது போலாகும். பேதியைக் கட்டும் மாத்திரையோ, முன்பு யாருக்கோ வாங்கி மீந்த மருந்தோ கொடுக்கலாகாது. தொக்கம் எடுப்பதும், சூடு போடுவதும் நோயைப் போக்குவதில்லை, காலத்தைப் போக்குகின்றன.

இருமலுக்கு மூச்சை எண்ணவேண்டும். அழாதிருக்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணினால் போதும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60-ம், ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50-ம், ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40-ம், அவற்றிற்கு மேலும் இருந்தால் நிமோனியா என்று சந்தேகித்து அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

சில குறிகள் கண்டால் அரை நாழிகையும் தாமதிக்கலாகாது. பால் குடிக்கவோ நீர் அருந்தவோ முடியாமை, உட்கொண்டதெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிதல், மலத்தில் ரத்தம், கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத் திரும்புதல், இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு ஜுரமோ உடம்பு சில்லிடுதலோ. இவற்றுள் ஒன்று இருந்தாலும் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். தாய் வரட்டும் என்று காத்திருப்பது தாய்க்குச் செய்யும் உபகாரமன்று. அவளை நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லவேண்டும்.

தாயின் நாட்கூலி

இதுவரை சொல்லிய விதிகள் யாவும் நல்லவையே. ஆயினும் இவற்றை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் நோய் நின்றுவிடுமா? நில்லாது. ஒரு தாயின் நிலையை யோசித்துப் பார்க்கலாம். விடியுமுன் அவள் குழந்தைக்கு இரண்டு முறை பேதியாயிற்று. அன்று போகாவிட்டால் கூலி இல்லை. மூன்று நாள் போகாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வான். ஆகவே அவள் குழந்தையைக் கழுவி, நல்ல சட்டை போட்டு, பவுடர் பூசி, ‘ஒன்றுமில்லை அக்கா’ என்று சொல்லிப் பணிப்பெண்ணிடம் கொடுத்துவிட்டு வேகமாய்ப் போகிறாள். அவள் பொய் சொன்னாள் என்பது மெய். ஆனால் அந்தப் பொய்யை அவள் வாயில் வைத்தது வறுமை. நான்காம் நாள் மற்றும் ஐந்து குழந்தைகளுக்குப் பேதி காண்கிறது. ஒருத்தியின் ஒரு நாள் கூலி காப்பாற்றப்பட்டது. ஐவரின் பல நாள் கூலி போயிற்று.

விதியை மீறினால் அபராதம் என்பதால் இது தீராது. அபராதம் பொய்யை இன்னும் சாமர்த்தியமாக்கும். உண்மை சொன்னவளுக்கு நஷ்டமில்லை என்ற நிலையை உண்டாக்குவதே வழி. அதைத் தனி ஒருவரால் செய்ய இயலாது, சங்கத்தால் இயலும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். காப்பகத்தில் 30 குழந்தைகள் என்றும், குழந்தைக்கு மாதம் 40 ரூபாய் நோய்க்கால நிதிக்கு வருகிறதென்றும் கொண்டால், மாதத்திற்கு 1,200 ரூபாய் சேரும். அரைக் கூலிக்கு 200 ரூபாய் என்று வைத்தால் அது ஆறு நாளுக்கு ஆகும். சங்கம் தன் லாபத்தில் பொதுநலத்திற்கென ஒதுக்கும் தொகையிலிருந்து அதற்குச் சமமாய்ச் சேர்த்தால் பன்னிரண்டு நாளுக்கு ஆகும். நோய் குறைந்த மாதங்களில் மீந்தது மாரிக்காலத்திற்கு உதவும். தொகை சிறிதே, ஆனால் அரைக் கூலியாவது உண்டு என்றறிந்த தாய்க்கு வாசலில் உண்மை சொல்லும் தைரியம் வரும்.

பணத்துக்காக நோயென்று சொல்லிவிடுவார்களே என்று சிலர் கேட்கக்கூடும். அதற்குப் பரிகாரம் உண்டு. நிதியைத் தாய் கேட்டுப் பெறவேண்டியதில்லை. வாசலில் குழந்தையைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிற பணிப்பெண், பதிவேட்டில் தேதியும் குறியும் எழுதுகிறாள். அந்தப் பதிவின்மேலேயே பணம் கொடுக்கப்படும். அதே பதிவேடு மற்றொரு உபகாரமும் செய்யும். ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளுக்குப் பேதி என்று எழுதியிருந்தால், நீரிலோ சமையலிலோ கோளாறு என்று அறிந்து சுகாதார இன்ஸ்பெக்டருக்கு உடனே தெரிவிக்கலாம். பணிப்பெண்ணுக்கே பேதியோ ஜுரமோ கண்டால் அவளும் சம்பளக் குறைவின்றி வீட்டிலிருக்கவேண்டும். இல்லாவிடில் முப்பது குழந்தைகளுக்கும் ஊட்டுகிற கை அவளுடையதாகையால், நோயை ஊட்டுகிற கையும் அதுவே ஆகிவிடும்.

பிள்ளை வளர்ப்பு பெண்டிர் காரியம், விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுப்பதே சங்கத்தின் காரியம் என்று எண்ணுவோரும் உளர். சென்னை மாகாணத்தில் முதல் ஐக்கிய நாணய சங்கம் 1904-ம் வருஷத்தில் செங்கல்பட்டு ஜில்லாத் திரூரில் ஏற்பட்டதன் நோக்கம், குடியானவன் வட்டிக்கடைக்காரன் கையில் சிக்காமல் காப்பது. குடியானவன் வட்டிக்கடைக்குப் போவது விதைக்காக மாத்திரமன்று. பாதி ராத்திரியில் வலிப்புக் கண்ட குழந்தையை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டும் போகிறான். பொட்டலத்தோடும் கை கழுவுதலோடும் தீர்ந்திருக்கக்கூடிய நோய், அடகு வைத்த தாலியில் முடிகிறது. அந்தக் கடனை முன்னதாகவே தடுப்பது சங்கத்தின் சொந்த வேலையே.

இது புதுமையுமன்று. 1969-ம் வருஷத்தில் டில்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டிடம் கட்டிய கூலிகளின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்டு, மீரா மகாதேவன் என்ற அம்மையார் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுவே மொபைல் கிரெஷஸ் என்ற ஸ்தாபனமாக வளர்ந்தது. அகமதாபாத்தில் சேவா சங்கத்துப் பெண் தொழிலாளர்கள், சங்கினி என்ற குழந்தைப் பராமரிப்புக் கூட்டுறவையே 1986-ம் வருஷத்தில் அமைத்துக்கொண்டனர். கூலிக்குப் போகும் பெண்களும் காப்பகப் பணிப்பெண்களும் சேர்ந்து நடத்த முடிந்த காரியம், மண்டிக் கணக்கும் கடன் கணக்கும் பார்த்துப் பழகிய சங்கங்களுக்கு எட்டாததாக இராது.

தக்காளிக் கூடையில் ஒரு பழம் அழுகினால் அதை எடுத்துப் போட்டுவிட்டு மற்றவற்றைக் காப்பது வியாபாரியின் முறை. குழந்தை பழமன்று, எடுத்துப் போடத்தக்கதன்று. நோயுற்ற குழந்தையைத் தனித்து வைக்கும்போதே அதன் தாயைத் தனித்து விடாமலிருப்பதுதான் கூட்டுறவின் முறை. அடுத்த மகாசபையில் அங்கத்தினர்கள் இரண்டு தீர்மானங்களை ஆலோசிப்பார்களாக: காப்பகத்து வாசலில் ஒரு தண்ணீர்க் குழாயும் சவுக்காரமும், பதிவேட்டின் பக்கத்தில் ஒரு நோய்க்கால நிதிப் பெட்டி. முதலாவது கிருமியைத் தடுக்கும்; இரண்டாவது பொய்யைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் குழந்தைகள் பிழைக்கும்.